பரவல் இல்லை

எம்.ஏ. புவியியலில் எனக்கு ஒரே ஒரு அரியர்தான் இருந்தது. ஒரே ஒரு என்றால் ஏதோ சின்னச் சங்கதி மாதிரித் தெரியும். வீட்டுக்குள் ஒரே ஒரு பாம்புதான் இருக்கிறது என்று சொன்னால் யாராவது நிம்மதியாகத் தூங்குவார்களா? அந்த மாதிரி ஒரே ஒரு.

பேப்பரின் பெயர் 'புள்ளியியலும் ஆய்வு முறைகளும்'. மலை, மண், மழை, மக்கள்தொகை, நிலவரைபடம் எல்லாவற்றிலும் முதல் தடவையே தேறியவன் நான். புவியியல் என்றால் அப்படி ஒரு பைத்தியம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டதற்காக அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். நமக்குப் பிடித்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்த பிறகு, நடுவழியில் இறக்கிவிட்டு "கணக்குப் போட்டுக் காட்டினால்தான் மேலே ஏற்றுவோம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அந்தப் பேப்பர் அப்படித்தான் இருந்தது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கவிழ்ந்தேன்.

நான் பரமக்குடிப் பக்கத்துக்காரன். அரசுக் கல்லூரியில் பி.ஏ. புவியியல் முடித்துவிட்டு, ஆறு மாதம் மட்டும் வேலை பார்க்கலாம் என்று ஒரகடம் வந்தேன். இங்கே வந்த எல்லோரும் ஆறு மாதம் என்றுதான் வந்திருப்பார்கள். யாரைக் கேட்டாலும் அதே ஆறு மாதம்தான் சொல்வார்கள், நாலைந்து வருஷமாக. செல்போனுக்கு உள்ளே போகும் சின்னச் சின்னப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. லைன் ஓடிக்கொண்டே இருக்கும், நாம் நின்றுகொண்டே இருப்போம். மண்ணின் வகைகளைப் படித்த எனக்கு மண்ணே கண்ணில் படாத வேலை. தரைகூடப் பச்சைப் பெயிண்ட்.

அப்புறம் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்தேன். சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குக் கீழே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. அதன் தாளாளரை ஒரு தெரிந்தவர் மூலம் போய்ப் பார்த்தேன். எம்.ஏ. சான்றிதழைக் கொண்டுவா, அந்த ஜூன் மாதமே சமூக அறிவியலுக்கு எடுத்துக்கொள்கிறேன், பி.எட்.டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். சம்பளம் கம்பெனியைவிடக் குறைச்சல். ஆனால் அவர் ஒரு வகுப்பறையைக் காட்டினார். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. வேலை பார்க்கிற இடத்தில் உட்கார நாற்காலி! எனக்கு அந்த நாற்காலிதான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் இந்த அரியர் மட்டும்தான் நின்றது. அதற்கும் கெடு வந்துவிட்டது. 2013இல் பாடத்திட்டம் மாறுகிறது, பழைய பாடத்திட்டத்துக்காரர்களுக்கு இது கடைசி வாய்ப்பு, இதிலும் தேறாவிட்டால் பட்டம் கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. நான் அதை ரூமில் மற்றவர்களிடம் படித்துக் காட்டினேன். ரூமில் நாங்கள் நாலு பேர். அதில் எனக்கு நெருக்கம் திருநெல்வேலிப் பக்கத்து நண்பன் ஒருவன். அதே கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை. அவன் கேட்டுவிட்டு, "அப்பம் படிச்சுத் தொலையேம்லே" என்றான். சரியான யோசனைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து, பல்லைத் தேய்த்து, சுங்குவார்சத்திரம் வழியாகப் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தால் கண் தானாகச் செருகும். வகுப்பெடுத்தவர் ஏதோ கல்லூரியில் விரிவுரையாளர். பாவம், அவருக்கும் அது ஓ.டி.தான். பாடப் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடி படிப்பார். புத்தகத்தில் எடுத்துக்காட்டெல்லாம் கோதுமை விளைச்சலும் பனிப்பொழிவும். ஒன்றுமே தலைக்குள் போகாது. 'இன்மைக் கருதுகோள்' என்று ஒன்று நடத்தினார். இரண்டு விஷயங்களுக்கும் நடுவில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று முதலில் வைத்துக்கொண்டுதான் ஆய்வைத் தொடங்க வேண்டுமாம். ஒன்றும் இல்லை என்று தொடங்குவது எனக்குச் சிரமமாக இல்லை.

ஒரே ஒரு நாள் மட்டும் ஏனோ முழுக்க விழித்திருந்தேன். அன்றைக்கு அவர் கரும்பலகையில் இரண்டு வரிசை எண்கள் எழுதினார். இரண்டுக்கும் சராசரி ஒன்றே. ஆனால் ஒன்றில் எண்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றன, இன்னொன்றில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. "சராசரிய மட்டும் நம்பாதீங்க. ஒவ்வொண்ணும் அதுலேர்ந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாருங்க. அதுதான் பரவல். பரவல் இல்லைன்னா புள்ளியியலுக்கு வேலையே இல்ல" என்றார். அது மட்டும் ஆணி அடித்த மாதிரி மனதில் பதிந்தது. அவர் அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

எழுத்துத் தேர்வில் எப்படியோ இழுத்துப் பறித்துக் கரையேறினேன். அந்தப் பேப்பரில் மிச்சம் இருந்தது ப்ராஜெக்ட். நாமே ஒரு கள ஆய்வு செய்து, கணக்குப் போட்டு, எழுதிக் கொடுத்து, நேர்முகத்தில் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறினால் பட்டம். பட்டம் வந்தால் குன்றத்தூர். குன்றத்தூர் என்றால் நாற்காலி.

தலைப்பை யோசிக்க நான் ரொம்பத் தூரம் போகவில்லை. புவியியலில் தூரத் தேய்வு என்று ஒன்று சொல்வார்கள். தள்ளிப் போகப் போக எதுவும் தேய்ந்துகொண்டே வரும். கடைக்கு வருகிற கூட்டம், பேச்சு வழக்கு, கொடுக்கல் வாங்கல், எல்லாமே. மனுஷனுடைய சந்தோஷமும் அப்படித்தான் தேயும் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, கண்ணால் பார்த்திருக்கிறேன். திண்டிவனத்துக்காரன் வாராவாரம் வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருவான். நாகர்கோவில்காரன் தீபாவளிக்கு முதல் நாள் பெருங்களத்தூரில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, நிற்காமல் போகிற பஸ்ஸின் பின்னால் ஓடுவான். இரண்டு பேரும் ஒரே லைனில் நிற்கிறவர்கள்தான். ஊர் தள்ளிப் போகப் போக வேலையில் மனநிறைவு குறையும். இதுதான் என் கருதுகோள். இதை நிரூபிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா என்றுகூட எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

தூரத்தை அளக்கிற வேலையை நான் அனுபவித்துச் செய்தேன், அதை மறைக்க மாட்டேன். தமிழ்நாட்டுச் சாலை வரைபடம் பெரிதாக ஒன்று வாங்கி ரூம் சுவரில் அடித்தேன். ஒவ்வொருவன் ஊரிலும் ஒரு குண்டூசி. ஒரகடத்திலிருந்து சாலை வளைகிற பக்கமெல்லாம் நூலை வளைத்து வைத்து, பிறகு நூலை நீட்டி அளந்து கிலோமீட்டர் ஆக்கினேன். வந்தவாசி, விழுப்புரம், அரியலூர், மணப்பாறை, சாத்தூர், சங்கரன்கோவில், களியக்காவிளை. பார்க்க அழகாக இருந்தது. வீட்டுக்கார அம்மா வாடகைக்கு வந்தபோது சுவரைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். "இன்னா தம்பி, செவுத்துல ஆணி அட்ச்சிகினு கீற? பெயிண்ட் யாரு குடுப்பா?" என்று கேட்டார். படிப்புக்கு என்று சொன்னதும், இம்மாந்தூரத்திலிருந்தா பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று குண்டூசிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

மனநிறைவை நூல் வைத்து அளக்க முடியாது. அதற்குப் பாடப் புத்தகத்தில் வழி சொல்லியிருந்தது. ஒரு கேள்வி கேட்க வேண்டும், ஐந்து பதில் கொடுக்க வேண்டும். மிகவும் அதிருப்தி ஒன்று, அதிருப்தி இரண்டு, நடுநிலை மூன்று, திருப்தி நாலு, மிகவும் திருப்தி ஐந்து. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். குறைந்தது முப்பது பேர் வேண்டும் என்று போட்டிருந்தது. முப்பது பேர் என்ன பெரிய விஷயம்? நாங்கள் இருந்த சந்திலேயே அதற்கு மேல் இருந்தார்கள்.

கேட்கத் தொடங்கினேன். ஷிஃப்ட் பஸ் வந்து நிற்கிற இடத்தில், மெஸ்ஸில், துணி துவைக்கிற தொட்டிப் பக்கத்தில், வல்லக்கோட்டை முருகன் கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில்கூட. ஊர் கேட்டால் உற்சாகமாகச் சொன்னார்கள். ஊர் மட்டுமில்லை, எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எந்தக் கோயிலுக்குப் பின்னால் வீடு என்றுகூடச் சொன்னார்கள். வேலையில் மனநிறைவு எப்படி என்று கேட்டால் ஒரே சொல். பரவால்ல.

முதல் ஆள் அப்படிச் சொன்னதும் மூன்று என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது ஆளும் பரவால்ல. மூன்று. மெஸ்ஸில் கேட்ட ஏழெட்டுப் பேரும் பரவால்ல. ஒருத்தன் "ஏதோ ஓடுது" என்றான். அதுவும் மூன்றுதானே? ஐந்து பதிலையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பொறுமையாக முழுக்கக் கேட்டுக்கொண்டு, நடுவில் இருப்பதைப் போடச் சொன்னார்கள். என் நெல்லை நண்பன் இடது கைச் சுட்டுவிரலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தான். பிரஸ்ஸில் நுனி நசுங்கித் தையல் போட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கையைத் தூக்கிக் காட்டியபடியே அவனும் "பரவால்லலே" என்றான். அதையும் மூன்று என்று எழுதினேன். எழுதுகிறவனுக்குப் புத்தி வேண்டாமா?

வாராந்திர லீவு நாளில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தேன். கோரிலேஷன் என்கிற இந்தக் கணக்குக்குத் தமிழில் ஒட்டுறவு என்று பெயர். தூரத்துக்கும் மனநிறைவுக்கும் ஒட்டுறவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தூரத்துக்குச் சராசரி கண்டுபிடித்தேன், விலக்கம் கண்டுபிடித்தேன், வர்க்கம் போட்டேன், எல்லாம் ஒழுங்காக வந்தது. அடுத்தது மனநிறைவு. முப்பது பேருக்கும் மூன்று. சராசரி மூன்று. மூன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் பூஜ்யம். அடுத்த ஆளுக்கும் பூஜ்யம். முப்பது வரிசையிலும் பூஜ்யம் பூஜ்யமாக இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் பூஜ்யம். சூத்திரத்தில் அந்தப் பூஜ்யம் போய் உட்கார்கிற இடம் கீழே, வகுக்கிற இடத்தில். கால்குலேட்டரில் அழுத்தினேன். எரர் என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் எரர். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒட்டுறவு இல்லை என்று வந்திருந்தால்கூட அது ஒரு விடை. அதை எழுதியாவது தேறியிருப்பேன். இது விடையே இல்லாத கணக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூஜ்யத்துக்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

ஏன் இப்படி ஆனது என்று எனக்கு உறைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி கேண்டீனில் வைத்து எல்லோருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். அந்த வாரம் கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம், மனம் திறந்து சொல்லுங்கள் என்று மேலே போட்டிருக்கும். வேலை எப்படி, சாப்பாடு எப்படி, மேலே இருப்பவர்கள் எப்படி? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை வட்டம். பெயர் எழுத வேண்டாம்தான். ஆனால் லைன் வாரியாகக் கொடுத்து, உட்கார்ந்த வரிசைப்படியே திரும்ப வாங்குவார்கள். நான் சேர்ந்த புதிதில் திண்டுக்கல்காரன் ஒருவன் வெள்ளந்தியாக ஒன்றில் டிக் போட்டான். யாரும் திட்டவில்லை. எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டு, ஏசியில் உட்காரவைத்து, டீ கொடுத்து, என்ன தம்பி பிரச்சினை என்று அன்பாகக் கேட்டார்கள். அடுத்த காண்ட்ராக்ட்டில் அவன் பெயர் வரவில்லை. அதிலிருந்து எங்கள் சூப்பர்வைசர் தாளைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார். வாலாஜாபாத்துக்காரர், நல்ல மனுஷன்.

"நடுவுல போட்டுட்டுப் போய்கினே இருங்கப்பா. மேல போட்டா இன்க்ரிமெண்ட்டு கேக்க வாய் இருக்காது. கீழ போட்டா வூட்டுக்குப் போவணும்."

அந்த வருஷமும் அதையே சொன்னார். நான் நடுவில் டிக் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. அதே ஐந்து வட்டம். அதே அதிருப்தி, நடுநிலை, திருப்தி. இந்த ரோட்டில் இருக்கிற அத்தனை கம்பெனியிலும் அத்தனை பேரும் வருஷா வருஷம் பழகி வைத்திருக்கிற அதே ஐந்து பதிலை நான் போய் மெஸ்ஸில் நின்று கேட்டிருக்கிறேன். அவர்கள் எனக்குப் பதில் சொல்லவில்லை. தாளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரன் வந்து கேட்டிருந்தால் தெரியாமல் செய்துவிட்டான் என்று விடலாம். நான் அதே தாளில் அஞ்சு வருஷமாக மூன்று போடுகிறவன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

ரூமுக்கு வந்து நண்பனிடம், தாளெல்லாம் இல்லை, என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லு என்றேன். அவன் கட்டுப் போட்ட விரலால் சட்டைப் பொத்தானை மாட்டத் திணறிக்கொண்டிருந்தான். மாட்டி முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"உண்மையத்தாம்லே சொல்லுதேன். ஊருக்குப் போனா சும்மாத்தான் இருக்கணும். இங்க மூணு நேரம் சோறு உண்டு, மாசம் பொறந்தா வீட்டுக்கு எதாச்சும் அனுப்புதேன். வெரலு போச்சுன்னா போச்சு. அப்பம் பரவால்லதானே? நீ வேற என்னத்த எழுதணும்ங்கே?"

பயந்து சொன்னானா, நிஜமாகவே சொன்னானா, பயந்து பயந்து அதுவே நிஜமாகிவிட்டதா? இதைப் பிரிக்கிற சூத்திரம் எந்தப் பாடத்திலும் இல்லை. நான் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு நாள் இல்லை. ஓ.டி. வேறு போட்டிருந்தார்கள்.

காஞ்சிபுரத்துச் சாரைத் தேடிப் போய்த் தாள்களைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதற்குப் போய்க் கலங்குகிறாயே, நாலு பேருக்கு இரண்டு போடு, நாலு பேருக்கு நாலு போடு, தூரமாக இருக்கிறவனுக்கு ஒன்று போடு, விடை தானாக வரும், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடைசி வாய்ப்பு என்று அவருக்கும் தெரியும்.

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. அந்த நாற்காலிக்காக எதையும் எழுதுகிற நிலைமையில்தான் இருந்தேன். தாளை விரித்து, பென்சிலைச் சீவி, யாருக்கு ஒன்று போடலாம் என்று பார்த்தேன். தூரமாக இருக்கிறவன் களியக்காவிளைக்காரன். அவனுக்குப் போடலாம். போட்டால்? அவன் முகம் கண் முன்னால் வந்தது. போன மாதம்தான் தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்தான். அவன் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அட கிறுக்கா, இது பல்கலைக்கழகத்துக்குப் போகிற தாள், எச்.ஆருக்கா போகப்போகிறது என்று எனக்கு நானே சொன்னேன். கை கேட்கவில்லை. சங்கரன்கோவில்காரனுக்குப் போடலாமா என்று பார்த்தேன். அவனுக்கும் முடியவில்லை. இரண்டுகூட முடியவில்லை. ஒருவன் பெயருக்கு நேராக ஒன்று என்று எழுதுவது அவனை வீட்டுக்கு அனுப்புவது என்று என் கைக்குப் பழகிவிட்டிருந்தது. புத்தி எம்.ஏ. படித்தது, கை படிக்கவில்லை. என்னையே ஒரு ஆளாகச் சேர்த்து எனக்கு ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஆய்வாளர் தன்னையே மாதிரியில் சேர்க்கக் கூடாது என்று பாடத்தில் போட்டிருந்தது. அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு பென்சிலைக் கீழே வைத்தேன்.

கெடு முடிகிற நாள் வந்துவிட்டது. இருப்பதை இருக்கிறபடியே எழுதினேன். வரைபடம் போட்டேன், தூரங்களை எழுதினேன், பூஜ்யங்களை எழுதினேன். கடைசிப் பக்கத்தில் முடிவு என்று தலைப்புப் போட்டு, சார் சொல்லிக் கொடுத்த சொல்லிலேயே ஒரே வரி எழுதினேன்: மனநிறைவில் பரவல் இல்லை. எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தபோதுதான் காதில் விழுந்தது. பரவல் இல்லை. பரவால்ல. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். நண்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இந்த ஒரு மாதத்தில் ரூமில் யாரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

நேர்முகம் சென்னையில் நடந்தது. மாடியில் ஒரு அறை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேராசிரியர்கள். வயதானவர் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். உட்காரச் சொன்னார். வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒரு கப் கொடுக்கச் சொன்னார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டேன். வயதானவர் என் வரைபடத்தை மெச்சினார். நூலால் அளந்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"என்னப்பா, முடிவுன்னு போட்டுப் பரவாயில்லைன்னு எழுதியிருக்க?"

பரவல் இல்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மேலே இருக்கிறவர்கள் சிரித்தால் சிரிப்பது வழக்கம் அல்லவா. சிரித்து முடித்துவிட்டு அவர் பொறுமையாக விளக்கினார். மாறி என்றால் மாற வேண்டும். மாறாதது மாறி இல்லை, மாறிலி. மாறிலியை வைத்துக்கொண்டு எந்த ஆய்வும் செய்ய முடியாது. அவர் கணக்கைத்தான் சொன்னார். எனக்கு எங்கள் சந்து முழுக்கக் கண்ணில் வந்து நின்றது.

தாளை மூடப்போனவர், ஏதோ யோசித்து நிமிர்ந்தார். எனக்கு உதவி செய்யத்தான் கேட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"நீயும் அங்கதான வேலை பார்க்குற. உன்ன யாராவது கேட்டா என்ன சொல்லுவ?"

இதோ வந்துவிட்டது. முப்பது பேரிடமும் கிடைக்காத பதிலைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு. நிற்கிறோம் சார், நின்றே செத்துப்போவோம் போலிருக்கிறது, நண்பனுக்கு விரல் நசுங்கிவிட்டது, ஊர் பெயரைத் தவிர எதையும் நாங்கள் உண்மையாகச் சொல்வதில்லை, அந்தத் தாளில் இருக்கிற பூஜ்யம்தான் சார் என் கண்டுபிடிப்பு. எல்லாம் நெஞ்சு வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவர் பேனாவை எடுத்துத் தேர்ச்சி போட்டிருப்பார், எனக்குத் தெரியும். ஆனால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கையில் டீ இருந்தது. எதிரே ஒரு பெரிய மனிதர் அன்பாக, என்ன பிரச்சினை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரவால்ல சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

தேறவில்லை. குன்றத்தூர்ப் பள்ளிக்கு ஜூன் மாதம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தாளாளர் வருத்தப்பட்டார். அந்த வகுப்பில் வேறு ஒருவர் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நாற்காலி சும்மா கிடந்தது. உட்காராமல் நின்றே நடத்துகிறாரே என்று எனக்கு அவர் மேல் கண்மண் தெரியாத கோபம் வந்தது. அம்மாவிடம் போனில், படிப்பு முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை.

அடுத்த வருஷம் கம்பெனிக்கு ஆர்டர் நின்றுபோனது. முதலில் ஓ.டி. நின்றது, அப்புறம் நைட் ஷிஃப்ட் நின்றது, பிறகு ஒவ்வொரு லைனாக பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிக்கொண்டே வந்தார்கள். ஒரு நாள் எங்கள் லைனையும் மூடினார்கள். கேண்டீனில் வரிசையாக உட்காரவைத்து, யூனிஃபார்ம், ஷூ, அடையாள அட்டை எல்லாவற்றையும் திரும்ப வாங்கினார்கள். கடைசியாக ஆளுக்கொரு தாள் வந்தது. எங்கள் நிறுவனத்தில் உங்கள் அனுபவம் எப்படி இருந்தது, மனம் திறந்து சொல்லுங்கள். அதே ஐந்து வட்டம்.

சூப்பர்வைசர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. அவரும் எங்களோடு ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் நண்பன், நுனி இல்லாத விரலால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடுவில் டிக் போட்டுக்கொண்டு வந்தான். இனிமேல் எதற்குடா பயம் என்று கேட்டேன். "எதுக்குலே வம்பு" என்றான்.

நான் ஒன்றில் போட்டேன். எல்லாக் கேள்விக்கும் ஒன்று. பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டேன். கொடுத்துவிட்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். வாங்கிய பெண் அதைப் பார்க்காமலே மற்ற தாள்களோடு சேர்த்து அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கேட் வரை நடந்து வந்தேன். அத்தனை மூன்றுக்கு நடுவில் ஒரே ஒரு ஒன்று இருந்தால் போதும், கீழே பூஜ்யம் வராது, கணக்குக்கு விடை வந்துவிடும். அந்த ஒன்று எனக்குப் போன வருஷம் வேண்டியிருந்தது.